ஊறுகாய் கேட்ட காக்கை

கடலூர் மாவட்டம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, ஒரு காக்கைக்குத் தேங்காய்ப்பால் நூடுல்ஸ் விருந்து வைத்த குடும்பம் எங்கள் குடும்பம் ஒன்றுதான். விருந்து வைத்தது பெரிய விஷயமில்லை. அந்தக் காக்கை இலையில் வைத்த நூடுல்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்து, “தொட்டுக்க ஊறுகாய் எங்கே?” என்று கேட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடலூர் – சிதம்பரம் தடத்தில் கண்டக்டராக விசில் ஊதியே பல்லெல்லாம் தேய்ந்தவன் நான். என் பேச்சை நம்பாமல் பாதி வழியில் இறங்கிப்போனவர்களை வைத்து ஒரு தனி ஊரே கட்டலாம். அந்த ஊருக்குத் தலைவர் என் தங்கை புருஷன் தங்கராசு. “எங்க மச்சான் சிங்காரம் இன்னைக்கு வெள்ளிக்கெழமன்னு சொன்னாக்கூட, காலண்டரப் பாத்துட்டுத்தான் நம்புவேன்” என்பார், தன் உரக்கடைக்கு வருகிற குடியானவர்கள் எல்லார் முன்னாலும்.

அந்தத் தங்கராசு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என் தங்கை புஷ்பவள்ளி இறந்து ஒரு வருடம். அன்றைக்கு முதல் தெவசம். மகன் இளவரசு சிதம்பரத்திலிருந்து வந்து படையல் போடலாம். அவன் பெண்டாட்டி ஜான்சி வாசலோடு நிற்க வேண்டும். இதுதான் தங்கராசு போட்டிருந்த சட்டம். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணை அவன் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தச் சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. மாமியார் சாவுக்கு வந்தபோதுகூடத் தெருவிலேயே நின்று அழுதுவிட்டுத்தான் போனாள்.

காலையிலேயே தப்பு ஆரம்பித்துவிட்டது.

படையல் என்றால் செத்தவர்களுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். எங்கள் அப்பாவுக்குச் சுருட்டு வைத்தோம். சித்தப்பாவுக்கு எதை வைத்தோம் என்று பத்திரிகையில் எழுத முடியாது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக் கூடத்தில் புஷ்பவள்ளியின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு தங்கராசு கேட்டார்:

“அவளுக்கு என்னா புடிக்கும்?”

தங்கராசுவின் தங்கை எழிலரசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணி போன பிறகு அந்த வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருக்கிறது. “வாழக்கா வறுவல், முருங்கக்கா சாம்பார், வடை, பாயசம் எல்லாம் செஞ்சிட்டண்ணா” என்றாள்.

“அதெல்லாம் எனக்குப் புடிச்சது.”

“அண்ணி அதத்தான தெனம் செய்வாங்க?”

அண்ணன்காரன் நான், எனக்கும் தெரியவில்லை. ஏழு உலகத்துச் சங்கதியும் அளக்கிற இந்த வாய்க்கு, கூடப் பிறந்தவளுக்குப் பிடித்த ஒரு பதார்த்தத்தின் பெயர் அகப்படவில்லை.

இலை மொட்டைமாடிக்குப் போனது. இளவரசு கைதட்டிக் கூப்பிட்டான். காக்கை வரவில்லை.

வரவில்லை என்றால், காக்கையே இல்லாமலில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மேல் மாநாடு போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தன. எங்கள் இலையைப் பார்த்தன. கோயில் கோபுரத்தைப் பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. வெயில் ஏற ஏற வடை காய்ந்தது. பாயசத்தில் ஆடை படிந்தது.

“கோவமா இருக்கா” என்றார் தங்கராசு.

“மாப்ள, காக்கா பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்துல துன்னுட்டு வந்திருக்கும்” என்றேன்.

“கோவமாத்தான் இருக்கா மச்சான். கடைசியா அவ சிதம்பரம் போனப்ப, ‘நீங்களும் வாங்களேன்’னு கூப்ட்டா. கடையில சரக்கு எறங்குதுன்னுட்டேன். அடுத்த வாரம் ஆளே இல்ல.” மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அவ துன்னாம நான் பச்சத்தண்ணி தொட மாட்டேன்.”

சொன்னவர் சர்க்கரைக்காரர். காலையில் மாத்திரை போட்டாகிவிட்டது. கை நடுங்கத் தொடங்கியதை நானே பார்த்தேன். உறவுக்காரர்கள் எல்லாரும் பசியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அவரிடம் பேசத் துணிச்சல் இல்லை.

நான் இறங்கி வாசலுக்கு வந்தேன். கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஜான்சி நின்றிருந்தாள். ஒரு தம்ளரை நீட்டினாள்.

“சர்க்கரத் தண்ணி பெரியப்பா. மருந்துன்னு சொல்லிக் குடுங்க. குடிச்சிடுவாரு.”

நர்ஸ் வேலை பார்க்கிற பெண், கை நடுக்கத்தைக் கேட்டிலிருந்தே பார்த்துவிட்டாள் போல. அது எனக்கு ஆச்சரியமில்லை. “பெரியப்பா” என்றாளே, அதுதான் ஆச்சரியம். புருஷனுக்கு நான் தாய்மாமன். அப்படியென்றால் அவளுக்கு நான் அப்பா முறை. நம் வீட்டுப் பிள்ளைகளே எல்லாரையும் அங்கிள் என்று ஒரே கூடையில் கொட்டுகிற காலம். இந்தப் பெண்ணுக்கு இந்த முறையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?

கேட்டேவிட்டேன்.

“அத்தைதான்” என்றாள்.

“எந்த அத்தை?”

“எனக்கு எத்தன அத்தை இருக்காங்க பெரியப்பா?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. இப்ப சொல்லாம இருந்தா மாமா மயக்கம் போட்டு வுழுந்துடுவாரு. அந்த எலையில இருக்கறதெல்லாம் அத்தை மாமாவுக்காகத் தெனம் சமைச்சது. அவுங்களுக்குப் புடிச்சது அதுல ஒண்ணுமே இல்ல.”

அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டு நான் அந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

என் தங்கை வெள்ளிக்கிழமை தவறாமல் சிதம்பரம் போவாள். “நடராசரப் பாக்காம எம் பொண்டாட்டிக்கு ஒரு வாரம் ஓடாது” என்று தங்கராசு ஊரெல்லாம் பெருமையடிப்பார். பார்த்தாள்தான். பார்த்து, திருநீறு மடித்துக்கொண்டு, நேராக மருமகளிடம் போய்விடுவாள். மாமியாரும் மருமகளுமாகப் பல்கலைக்கழகம் போகிற ரோட்டில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கிறார்கள். வாரா வாரம்!

தங்கராசு பெண்டாட்டி, ஓட்டலில்! ரயிலில் காசிக்குப் போனபோதுகூட புளிச்சோற்றுத் தூக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போன மனிதர் அவர். “ஓட்டல்ல கை நனைச்சவன் குடும்பம் வெளங்காது” என்பது அவர் வேதம்.

இதை நேராகச் சொன்னால் நம்புவாரா? அதுவும் நான் சொல்லி?

மாடிக்குப் போனேன். தம்ளரை மருந்து என்று கொடுத்தேன், குடித்தார். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னேன். “மாப்ள, அவ வாரா வாரம் போன ஊரு சிதம்பரம். அங்க வெச்சிப் பாப்போம். கூப்ட்டாளே, இப்பவாவது போவமே.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை எழுப்பியது.

ஜான்சி வாசலில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இளவரசு காரை எடுத்தான். ஜான்சி பின்னால் ஏறுவதைத் தங்கராசு பார்த்தார். நான் உடனே, “வூட்டுக்குள்ளதான வரக்கூடாது மாப்ள? காரு வூடு இல்லியே” என்றேன். மடியில் நுனி இலைச் சுருளை வைத்துக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். ஆலப்பாக்கம் போச்சு, புதுச்சத்திரம் போச்சு, வெள்ளாற்றுப் பாலம் போச்சு. நான் வாயை மூடிக்கொண்டு முழுசாகச் சிதம்பரம் போனது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

கோயில் பக்கம் திரும்பாமல் கார் நேராகப் போனபோது, “எங்கடா போற?” என்றார் தங்கராசு.

“அம்மா போன எடத்துக்குப்பா” என்றான் இளவரசு.

கடைக்குப் பேர் ‘டூ ஸ்டிக்ஸ்.’ கடையைச் சுற்றிச் சிவப்புக் காகித விளக்குகள். உள்ளே போனதும் பூண்டும் சோயா சாஸும் கலந்த ஒரு புகை, ஆளை நெஞ்சில் கைவைத்து நிறுத்துகிற மாதிரி. சுவர் முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகப் படம். மேசைக்கு மேசை காலேஜ் பிள்ளைகள். இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு கொழுக்கட்டை மாதிரி ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். மோமோவாம். ஒரு மோமோ தட்டிலிருந்து பறந்து அடுத்த மேசைக்குப் போனது. அங்கிருந்தவன் அதைக் குச்சியாலேயே பிடித்து வாயில் போட்டுக்கொண்டான். சரி, பறந்தது வரைக்கும் உண்மை.

தங்கராசு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை, கையில் வாழையிலை. கடையே திரும்பிப் பார்த்தது.

கல்லாவிலிருந்து ஒருவன் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தான். கடைக்காரன் அருள்முருகன். சேத்தியாத்தோப்புப் பிள்ளை, சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடையில் வாணலி பிடித்துவிட்டு வந்து இங்கே கடை போட்டவன்.

“வாங்க சிஸ்டர்! எவ்ளோ நாளாச்சி! அம்மா வரல?” என்றான் ஜான்சியிடம். “வந்தா நல்லா சண்ட போடணும்னு இருக்கேன். அவுங்க குடுத்த ஊறுகா அடியில கொஞ்சந்தான் கெடக்குது. வர்றவன்லாம் கேக்கறான், நான் யாருக்கும் குடுக்கலயே.”

ஜான்சி மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடமாக அவளும் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

“அம்மா இல்லைங்க” என்றான் இளவரசு. “இன்னைக்கித் தெவசம்.”

அருள்முருகன் அப்படியே நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“யாரப்பா சொல்றீங்க?” என்றார் தங்கராசு. குரல் உள்ளேயிருந்து வந்தது. “எம் பொண்டாட்டி கோயிலுக்கு வந்தவ. இந்த மாதிரி எடத்துக்கு வர்றவ இல்ல. வேற யாரையோ பாத்துட்டுச் சொல்றீங்க.”

“மாமா” என்றாள் ஜான்சி. அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. “சன்னல் ஓரமா, அந்த மேசையிலதான் ஒக்காருவாங்க. மொத நாளு குச்சியக் குடுத்தாங்க. ஒண்ண எடுத்துக் கொண்டையில சொருவிக்கிட்டு, இன்னொண்ணால முதுகு சொறிஞ்சாங்க. கடையே சிரிச்சிது. வெள்ளிக்கெழமைன்னு கறி தொட மாட்டாங்க. காளான் போட்டு, தேங்காப்பால் ஊத்தின நூடுல்ஸ். கடைக்காரரு அத ‘லக்சா’ம்பாரு. அத்தை தேங்காப்பால் சேமியாம்பாங்க. சாப்ட்டுட்டு, ‘யாரோ சமைச்சிப் போட்டு நான் ஒக்காந்து துன்றனே’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

“பொய்யி” என்றார் தங்கராசு. என்னைத் திரும்பிப் பார்த்தார். “மச்சான், இது ஒங்க வேலயா?”

சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு அந்த நேரத்தில் உண்மை சொல்லத் தெரியவில்லை. இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அருள்முருகன் உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலோடு வந்தான். மூடிக்குமேல் வெள்ளைத் துணி, கயிறு கட்டி. அடியில் கருப்பாகக் கொஞ்சம் ஊறுகாய்.

“சப்புன்னு இருக்குதுடா தம்பின்னு அம்மா பையிலயே கொண்டாருவாங்க சார். ஒருநாளு பாட்டிலயே குடுத்துட்டாங்க. நார்த்தங்கா.”

வீட்டில் புஷ்பவள்ளி போட்ட ஊறுகாய் தீர்ந்து பல மாதமாகிறது. கடைசிக் காரத்தைத் தங்கராசு சோற்றைப் போட்டுப் பிரட்டித் துடைத்துத் தின்றார் என்று எழிலரசி சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் எழிலரசி இரண்டு தடவை போட்டுக்கொடுத்தாள். தொடவில்லை.

அவர் கயிற்றை அவிழ்த்தார். ஒரு துண்டு எடுத்து நாக்கில் வைத்தார். ஓட்டலில் கை நனைத்துவிட்டார் என்பது அவருக்கே தெரியாது.

மெல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“வெந்தயம் தீஞ்சிருக்கு” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து தங்கராசு சொன்ன குறை அது. ‘வெந்தயத்தத் தீய வுடாம வறுக்கத் தெரியல ஒனக்கு’ என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். அவளும் ஒவ்வொரு தடவையும் தீய விடுவாள்.

“வெந்தயம் தீஞ்சிருக்கு மச்சான்” என்றார் மறுபடியும். அந்த வெள்ளைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரமெல்லாம் கண்ணில் ஏறியிருக்கும். அவர் கவனிக்கவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு பெண் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், அதைக் கவிழ்த்து வைத்தாள். கடை முழுக்க எழுந்து நின்றது. உண்மையில் இரண்டு பேர்தான் எழுந்தார்கள். ஆனால் மோமோக்காரன் குச்சியைக் கீழே வைத்தான். அதை நான் பார்த்தேன்.

“அவ சாப்டுவாளே, அது ஒண்ணு போடுப்பா” என்றார் தங்கராசு.

அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம். மதில்மேல் தங்கராசு தானே இலையை விரித்தார். தண்ணீர் தெளித்தார். இளவரசு கிண்ணத்து நூடுல்ஸைச் சூப்பு வடியவிட்டு இலையில் வைத்தான், ஆவி பறந்தது. ஜான்சி கொஞ்சம் தள்ளி, கதவோரம் நின்றாள்.

“வாம்மா முன்னால” என்றேன்.

தங்கராசு தடுக்கவில்லை.

காக்கை வந்தது. எங்கிருந்து என்று கேட்காதீர்கள். பொன்னம்பலத்து ஓட்டிலிருந்து நேராகப் புறப்பட்டு வந்தது என்றுதான் நான் சொல்லுவேன். மதிலில் உட்கார்ந்தது. நடந்து இலைக்குப் பக்கத்தில் வந்தது. நூடுல்ஸைப் பார்த்தது. தொடவில்லை. எங்களைப் பார்த்துத் தலையைச் சாய்த்து ஒரு தடவை கரைந்தது. மறுபடி இலையைப் பார்த்தது. மறுபடி கரைந்தது.

இதுவும் எடுக்காமல் போய்விட்டால் இந்த மனிதரை எப்படி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது?

“ஊறுகா வெக்கல” என்றார் தங்கராசு.

பாட்டிலுக்குள் விரலை விட்டு, அடியில் இருந்ததை வழித்து, நூடுல்ஸ் மேல் வைத்தார். காக்கை பின்வாங்கவில்லை. அவர் கைக்குப் பக்கத்திலேயே நின்றது. கையை எடுத்ததும் ஒரு கொத்து. நீளமாக ஒரு நூடுல்ஸ் அலகில் தொங்கியது. அதை விழுங்கிவிட்டு இன்னொரு கொத்து. அப்புறம் ஒரு வாய் அள்ளிக்கொண்டு பறந்துபோய்ச் சிவப்பு விளக்கு மேல் உட்கார்ந்தது.

இளவரசு மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அம்மா போனபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

சன்னல் ஓர மேசையில் உட்கார்ந்தோம். தங்கராசு குச்சியைத் தொடவில்லை. கையால், சாம்பார் சாதத்தைப் பிசைகிற மாதிரி லக்சாவைப் பிசைந்தார். சூப்பு முழங்கை வரை வழிந்தது. கிண்ணம் காலியாகிற வரை தலை நிமிரவில்லை. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, நின்றுகொண்டே இருந்த ஜான்சியைப் பார்த்தார்.

“ஒக்காந்து சாப்புடு.”

அவள் உட்கார்ந்தாள்.

“கொல்லையில நார்த்தங்கா காச்சித் தொங்குது. போடத் தெரியுமா?”

“அத்தை சொல்லிக் குடுத்திருக்காங்க மாமா. வெந்தயத்த மட்டும் தீயாமப் பாத்துக்கறேன்.”

“தீயணும்” என்றார் தங்கராசு. “தீய வுடு.”

ஜான்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கிண்ணத்தில் இரண்டு சொட்டு விழுந்தது. ஆனால் ஊறுகாய் போட அடுப்படிக்குள் போக வேண்டும். அடுப்படிச் சாவி எழிலரசி இடுப்பில் இருக்கிறது. அது எனக்கும் தெரியும், இளவரசுக்கும் தெரியும்.

நினைத்த மாத்திரத்தில் என் போன் அடித்தது. எழிலரசிதான்.

“எங்க மாமா இருக்கீங்க? அண்ணன் எதனா துன்னாரா? இங்க எல்லாரும் எலை போடாம ஒக்காந்திருக்கோம்!”

“எலை போடு எழிலு! காக்கா எடுத்துட்டுது. இங்க ஒரு ஓட்டல் மதில்ல, நூடுல்ஸ் துன்னுச்சி. ஊறுகா வெக்காம தொட மாட்டேன்னுட்டு, கேட்டு வாங்கித் துன்னுச்சி!”

“தெவசத்தன்னிக்குக்கூட ஒங்க புளுவு நிக்காதா மாமா? எங்க அண்ணன் ஓட்டலு வாசப்படி மிதிப்பாரா? காக்கா ஊறுகா கேட்டுதாம்! அண்ணங்கிட்ட குடுங்க. அந்தப் பொண்ணும் அங்கதான் இருக்குதா? திரும்பி வர்றப்ப அத…”

தங்கராசு கையை நீட்டினார். கொடுத்தேன். ஈரக்கையாலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டார். எழிலரசி பேசிக்கொண்டே போனாள். எனக்கு இங்கே வரை கேட்டது. அவர் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“அண்ணா, கேக்குதா? மாமா சொல்றது நெசமா?”

தங்கராசு என்னை ஒரு பார்வை பார்த்தார். காலண்டரைப் பார்க்கிற பார்வை.

“நெசந்தாம்மா” என்றார். “கேட்டுது. நான்தான் வெச்சேன்.”